படகுக்குத் தடை என்றால் பம்புசெட்டுக்கும் தடை!

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே சுமார் 95 ஆயிரம் ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் நன்னீர் ஏரிக்கும் யூட்டா ஏரி என்றுதான் பெயர். 2016 ஜூலை 15 அன்று அந்த ஏரியைச் சுகாதாரத் துறை மொத்தமாக மூடியது. படகு விடக் கூடாது, நீந்தக் கூடாது, தண்ணீரில் கால் நனைக்கவும் கூடாது என்று கரையெங்கும் அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். கோடை விடுமுறை உச்சத்தில் இருந்த நேரம் அது. எண்ணெய்க் கசிவோ ஆலை விபத்தோ எதுவும் நடக்கவில்லை. ஏரியின் சுமார் 90 சதவீதப் பரப்பில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அதுதான் காரணம்.

"நீலப்பச்சைப் பாசியா? அதைத்தானே நெல் வயலில் போடச் சொல்கிறீர்கள்?" என்று நம் விவசாயிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் தெரிந்துகொண்டால், நம் ஊர் ஏரி, கண்மாய், பண்ணைக்குட்டையில் தண்ணீர் பச்சை பிடிக்கும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

வயலில் உரம், ஏரியில் நஞ்சு

நெல் வயலில் உள்ள நீலப்பச்சைப் பாசி காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தருகிறது என்பதை 1939-லேயே இந்திய விஞ்ஞானி பி.கே.டே எடுத்துக்காட்டினார். அந்த வழியில் வந்த பரிந்துரையைத்தான் நாம் இன்றும் சொல்கிறோம். நடவு செய்த 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ நீலப்பச்சைப் பாசி உரத்தை, வயலில் மெல்லிய அளவு நீர் நிறுத்தித் தூவ வேண்டும். சரியாக வளர்ந்தால் ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கும்.

பெயர் பாசி என்றாலும் இது உண்மையில் ஒரு பாக்டீரியா வகை. செடியைப்போல் வெயிலில் உணவு தயாரிக்கும். இதில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. நாஸ்டாக், அனபினா, டோலிபோத்ரிக்ஸ், அலோசைரா போன்றவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்களையே உரமாக வளர்க்கிறோம். வயலில் அவை மெல்லிய நீரில் மண்ணையொட்டி வளர்கின்றன. பயிர் தூர்கட்டி நிழல் விழுந்ததும் அவற்றின் வளர்ச்சி குறைகிறது. தண்ணீரை வடித்ததும் மண்ணில் மட்கிச் சத்தாகிவிடுகின்றன. வயல் தண்ணீரை யாரும் குடம் வைத்துக் குடிப்பதும் இல்லை.

ஏரியில் நிலைமை வேறு. மைக்ரோசிஸ்டிஸ், அஃபனிசோமினான் போன்ற இனங்களின் செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றைக்கொண்டு இவை மேலே மிதந்து வந்து வெயிலைப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீர் சூடாகவும் அசையாமலும் சத்து மிகுந்தும் இருந்தால் சில நாள்களிலேயே கோடிக்கணக்கில் பெருகும். காற்று வீசினால் எல்லாம் ஒரே கரையில் ஒதுங்கி ஆடையாகத் தடிக்கும். இவற்றில் பல இனங்கள் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். அனடாக்சின் என்பது நரம்பைத் தாக்கும். ஒரே இனத்திலேயே நஞ்சுள்ள ரகமும் உண்டு, நஞ்சில்லாத ரகமும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் தண்ணீரில் படர்ந்த பாசியைக் கண்டால், பரிசோதனை முடிவு வரும்வரை நஞ்சு என்றே கருத வேண்டும்.

கால்நடை வளர்ப்போருக்கு இது புதிய ஆபத்து அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த நீரைக் குடித்த ஆடு மாடுகளும் குதிரைகளும் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-இல் அறிவியல் இதழில் எழுதினார். பாசி நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். அதே நாட்டில் 1991-இல் டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாசி படர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு அவசர நிலையே அறிவிக்க வேண்டி வந்தது.

முதலில் படகை நிறுத்துவது ஏன்?

குடிக்காத தண்ணீரில் படகு போனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். மோட்டார் படகு ஓடும்போது நீர் சாரலாகத் தெறிக்கிறது. பாசித் துகளும் நஞ்சும் அந்தச் சாரலோடு மூக்கிலும் வாயிலும் போகின்றன. தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். படகிலிருப்பவர் விழுந்தாலும் குழந்தைகள் கையை விட்டு அளைந்தாலும் தண்ணீர் வாய்க்குள் போகும். படகின் சுழல்விசிறி பாசி ஆடையைக் கிழித்து, தெளிவாக இருந்த பகுதிக்கும் பரப்பிவிடும்.

யூட்டா மாநிலம் அப்போது பின்பற்றிய அளவுகோல் இது. 1 மில்லி தண்ணீரில் பாசி செல்கள் 1 லட்சத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. 1 கோடியைத் தாண்டினால் மூடல். ஏரி மூடப்பட்ட சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்குள்ள நஞ்சு முறிவு ஆலோசனை மையத்தைத் தொடர்புகொண்டார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி, தோல் தடிப்பு என்று தொல்லைகளைச் சொன்னார்கள்.

தடை வயலுக்கும் வந்தது

நம் பக்கத்துக்கு உரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. யூட்டா ஏரியின் தண்ணீர் ஜோர்டான் என்ற ஆறாக வடக்கு நோக்கிப் போய்ப் பெரிய உப்பு ஏரியில் சேர்கிறது. வழியில் வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்கும் ஊர்களுக்கும் பாசனம் தருகின்றன. பாசி ஏரியோடு நிற்கவில்லை. மதகு வழியாக ஆற்றுக்குள்ளும், ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள்ளும் இறங்கியது.

மாநில வேளாண் துறை உடனே விவசாயிகளை எச்சரித்தது. அந்தத் தண்ணீரைக் கால்நடைகளுக்குக் காட்டாதீர்கள், காய்கறிப் பயிர்களுக்குப் பாய்ச்சுவதை நிறுத்தி வையுங்கள் என்றது. சில ஊர்கள் பாசனக் குழாய்களையே அடைத்தன. ஜூலை வெயிலில் தண்ணீர் கண்ணெதிரே ஓடுகிறது, பயிர் வாடுகிறது, பாய்ச்சலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. குடிநீரில் மைக்ரோசிஸ்டின் 1 லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருந்தது. பாசன நீருக்கு அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரம்பு இல்லை. கிட்டத்தட்ட எல்லா அரசுகளும் பாசி என்றால் குடிநீரையும் குளியலையும் நினைத்தே விதி எழுதியிருந்தன. பயிருக்குப் பாயும் தண்ணீரை நினைத்து எழுதியது குறைவு.

பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு பாசனத் தடை தளர்ந்தது. ஜூலை இறுதியில் ஏரியின் பெரும்பகுதி எச்சரிக்கைப் பலகைகளோடு திறக்கப்பட்டது. ஆனால், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பாசி திரும்ப வந்தது. மூடுவதற்கு ஓர் உத்தரவு போதும். பாசிக்குத் தீனி போடுவதை நிறுத்தப் பல ஆண்டுகள் ஆகும்.

தீனி எது?

பாசிக்கு வெயிலும் தண்ணீரும் எப்போதும் கிடைக்கும். தழைச்சத்தைப் பல இனங்கள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவற்றால் தாமே உண்டாக்க முடியாத சத்து மணிச்சத்து. அதனால், நன்னீர் ஏரியில் பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் மணிச்சத்துதான் தீர்மானிக்கிறது. 1 கிலோ பாஸ்பரஸ் ஈர எடையில் 500 கிலோ வரை பாசியை வளர்க்க வல்லது என்பது நீரியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

யூட்டா ஏரிக்குப் போன மணிச்சத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு, சுற்றியுள்ள நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏரியின் சராசரி ஆழம் 10 அடிக்கும் குறைவு. அந்தக் கோடையில் நீர்மட்டமும் தாழ்ந்திருந்தது. வெயில் சேர்ந்ததும் பாசி பொங்கிவிட்டது. இந்த நிலையங்கள் வெளியேற்றும் நீரில் 1 லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் மட்டுமே இருக்கலாம் என்ற விதி 2020 ஜனவரி முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

"அப்படியானால் பழி நகரத்துக்குத்தான், நமக்கு இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது. அதே நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் நடந்தது வேறு கதை. 2014 ஆகஸ்ட் 2 அன்று காலை, டொலிடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஈரி ஏரியில் படர்ந்த பாசியின் நஞ்சு குடிநீர் நிலையத்துக்குள் வந்துவிட்டது. ஆகஸ்ட் 4 அன்றுதான் தடை நீங்கியது. அந்தப் பகுதிக்கு மணிச்சத்தைக் கொண்டுவருவதில் முதல் இடம் மாமீ ஆற்றுக்கு. அதன் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி விவசாய நிலம். அங்கே இட்ட உரமும் தொழுவுரமும்தான் மழையோடு வந்து சேர்ந்தன.

அங்கே நடந்த ஆய்வுகள் சொன்ன ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். வசந்த காலத்து மழையில் ஆற்றில் வரும் மணிச்சத்தின் அளவுதான் கோடைப் பாசியின் அளவைத் தீர்மானிக்கிறது. உழாத நிலத்தின் மேல்பரப்பில் உரத்தைத் தூவி அப்படியே விட்டால், அது மேல் அங்குல மண்ணிலேயே சேர்ந்துகொண்டு பெருமழையில் கரைந்து போகிறது. 2015-இல் ஒஹையோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஈரி ஏரியின் மேற்கு நீர்ப்பிடிப்பில் மண் உறைந்தோ நீர் தேங்கியோ இருக்கும்போது உரம் தூவக் கூடாது. அடுத்த 12 மணி நேரத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தாலும் குருணை உரத்தைத் தூவக் கூடாது. மண்ணுக்குள் இட்டு மூடினால் இந்தத் தடை இல்லை. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து, ஈரி ஏரிக்கு வரும் மணிச்சத்தை 2008-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தன.

ஒரு மூட்டை டிஏபி கணக்கு

இதை நம் கணக்கில் பார்ப்போம். 50 கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீத மணிச்சத்து இருக்கிறது. அதாவது 23 கிலோ. அதைத் தனிப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ. ஏரி நீரில் 1 லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினாலே பாசி வளர வசதியாகிவிடும். 10 கிலோ பாஸ்பரஸ் 33 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோக முடியும். 40 ஏக்கர் பரப்பும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஏரி நிரம்பியிருந்தால் அதில் இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவு தண்ணீர்தான்.

நாம் இடும் உரம் எல்லாம் ஏரிக்குப் போய்விடுவதில்லை. மணிச்சத்தில் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும். ஆனால், மண்ணே அரித்துப் போனால் அதுவும் கூடவே போகும். ஏரியின் கீழ்மண்ணில் ஆண்டாண்டாகச் சேர்ந்து, கோடையில் அடிநீரில் காற்று குறையும்போது திரும்பக் கரைந்து மேலே வரும். அதனால்தான் உரத்தைக் குறைத்த மறு ஆண்டே பாசி நிற்பதில்லை.

நம் ஏரிகளில் உரத்தோடு வேறு வழிகளும் உண்டு. ஊர்ச் சாக்கடை வரத்துக்கால்வாயில் கலக்கிறது. கரையோரம் துணி துவைக்கும் சோப்புநீர் சேர்கிறது. மேட்டில் குவித்த எருக்குழியின் சாறு மழையில் இறங்குகிறது. மீன் குத்தகை எடுத்தவர் மீனுக்குத் தீனியாக நுண்ணுயிர் பெருகட்டும் என்று சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிறார். மீன் வளர்ப்பில் அது முறையான வேலைதான். ஆனால், அதே கண்மாயில் மாடு குடிக்கிறது, அதே தண்ணீர் கத்தரிக்கும் கீரைக்கும் பாய்கிறது என்றால் அளவு தெரிய வேண்டும். முழங்கை வரை நீரில் கையை விடும்போது உள்ளங்கை தெரியாவிட்டால் நுண்ணுயிர் அளவுக்கு மீறிவிட்டது. அந்த நிலையில் மேலும் சாணமோ உரமோ போடக் கூடாது.

நல்ல பாசியா, கெட்ட பாசியா?

தண்ணீர் பச்சையாக இருப்பதெல்லாம் நஞ்சு அல்ல. அசோலாவும் நீர்ப்பாசிச் செடிகளும் இலைகளாகத் தெரியும். இழைப்பாசி நூல்போல் நீளும். அவற்றால் தண்ணீர் தொல்லை தரலாம், ஆனால் நஞ்சு இல்லை. பிரித்தறிய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

குச்சிச் சோதனை: நீளமான குச்சியைப் பச்சை நீரில் விட்டு எடுங்கள். முடிபோல இழை இழையாகத் தொங்கினால் அது சாதாரண இழைப்பாசி. பெயிண்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோலக் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்க வேண்டும்.

பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து மூடி, ஓர் இரவு அசையாமல் நிழலில் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரண பாசி. மேலே வந்து வளையமாகக் கட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

இந்தச் சோதனைகள் பாசியின் வகையைத்தான் காட்டும், நஞ்சைக் காட்டாது. நஞ்சை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆனால், மாட்டைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்கும் முடிவை எடுக்க இந்தச் சோதனைகளே போதும்.

பாசி படர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை

முதலில் கால்நடை. பாசி ஒதுங்கிய கரைக்கு ஆடு, மாடு, வாத்து, நாய் எதையும் விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டி, 1 லிட்டரில் 2.3 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டினைத் தாண்டினால் கால்நடைக்கு ஆபத்து கூடும் என்கிறது. கரையில் தடித்துக் கிடக்கும் ஆடையில் இதைப்போல் ஆயிரம் மடங்கும் இருக்க முடியும். சில வாய் குடித்தாலே ஆபத்துதான்.

நரம்பு நஞ்சாக இருந்தால் மாடு வாயில் நுரை தள்ளி, நடுங்கி, சில நிமிடங்களிலேயே விழுந்துவிடலாம். ஈரல் நஞ்சு என்றால் சோர்வு, தள்ளாட்டம், தீவனம் எடுக்காமை, ஈறும் கண் சவ்வும் வெளிறுதல் ஆகியவை தெரியும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சாவு வரலாம். பிழைத்த மாட்டுக்கு வெள்ளைத் தோல் உள்ள இடங்களில் வெயில் பட்டுப் புண்ணாகி உரியும். இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. உடனே மாட்டை நீரிலிருந்து விலக்கி, உடலில் ஒட்டிய பாசியை அது நக்குவதற்குள் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். பாசி நீரைக் குடித்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாம்புக்கடி என்றோ பூச்சிமருந்து என்றோ நினைக்க நேரும்.

அடுத்தது பாசனம். வேறு தண்ணீர் இருந்தால் பாசி நீங்கும்வரை அதைப் பயன்படுத்துங்கள். வேறு வழியே இல்லை என்றால் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

தெளிப்பு நீர்ப் பாசனம் வேண்டாம். படகின் சாரலில் இருக்கும் ஆபத்து தெளிப்பானின் சாரலிலும் இருக்கிறது. வயலில் நிற்பவர் அதைச் சுவாசிக்கிறார். இலையில் படும் பாசி செல்லும் நஞ்சும் அங்கேயே தங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழுவினாலும் முழுவதும் போவதில்லை.

கீரை, கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளி போன்ற பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு அந்த நீரைப் பாய்ச்சவே வேண்டாம். நாற்றங்காலுக்கும் வேண்டாம். இளம் நாற்றின் வேர் வளர்ச்சியை நஞ்சு பாதிக்கும்.

பருத்தி, கரும்பு, மரப்பயிர் போன்றவற்றுக்குச் சால் வழியாகப் பாய்ச்சலாம். மோட்டாரின் புட்வால்வு நீர்மட்டத்திலிருந்து 3 அடி கீழே, ஆடை ஒதுங்கிய கரைக்கு எதிர்க்கரையில் இருக்கட்டும். இதனால் பாசி வரத்து குறையும், நஞ்சு முற்றிலும் நீங்கிவிடாது. சொட்டுநீரில் பாசி சென்றால் வடிகட்டியும் சொட்டுவானும் அடைத்துக்கொள்ளும்.

கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மைக்ரோசிஸ்டின் கொதிநீரில் அழியாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவுதான் கூடும்.

செய்யவே கூடாத ஒன்று, மயில்துத்தத்தை அள்ளிக் கொட்டுவது. பாசி சாகும், தண்ணீர் தெளியும், நல்லதாகிவிட்டது என்று தோன்றும். ஆனால், செல் உடைந்ததும் உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கரைந்துவிடும். பச்சை தெரிந்தவரை மாட்டை விலக்கி வைத்திருந்தவர், தெளிந்ததும் அவிழ்த்து விடுவார். அப்போதுதான் அதிக ஆபத்து. செத்த பாசி அழுகும்போது நீரில் காற்று குறைந்து மீன்களும் மிதக்கும்.

வராமல் தடுக்க

மண் பரிசோதனை செய்த பிறகே மணிச்சத்து இடுங்கள். ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் கிடைக்கும் மணிச்சத்து இருந்தால் அட்டையில் 'அதிகம்' என்று வரும். ஆண்டுதோறும் பழக்கத்தால் டிஏபி போட்டுவரும் நிலங்களில் இப்படி இருந்தால் அளவைக் குறைக்கலாம். பாஸ்போபாக்டீரியா இட்டால் மண்ணில் பிடிபட்டிருக்கும் மணிச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும். பணமும் மிச்சம், ஏரியும் தப்பும்.

மணிச்சத்தை அடியுரமாக இட்டு மண்ணோடு கலக்குங்கள். மழை முன்னறிவிப்பு இருக்கும் நாளில் மேலே தூவாதீர்கள். நெல் வயலில் உரமிட்ட பிறகு சில நாள்கள் மடையை அடைத்து, வடிகாலில் நீர் போகாமல் பாருங்கள். வரத்துக்கால்வாய் ஓரம் சில மீட்டர் அகலத்துக்கு வெட்டிவேரோ தீவனப்புல்லோ நட்டால் அரித்துவரும் மண் அங்கேயே நிற்கும். எருக்குழியை ஓடையிலிருந்து தள்ளி, சுற்றிலும் கரை கட்டி வையுங்கள். வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் கோடையில், மேல்வண்டலை வயலுக்குக் கொண்டுபோவது இரட்டை லாபம். பாசிக்குத் தீனியாகக் கிடக்கும் மணிச்சத்து மறுபடி பயிருக்கே வந்து சேரும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

யூட்டாவில் ஏரியை மூடிய உத்தரவு சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. கால்நடைக்கும் பயிருக்குமான எச்சரிக்கை வேளாண் துறையிலிருந்து வந்தது. நம் ஊரில் ஏரி ஒரு துறை, மீன் ஒரு துறை, கால்நடை ஒரு துறை, குடிநீர் ஊராட்சி. படகுக்குழாமில் 'இன்று படகு இல்லை' என்று பலகை வைத்தால் அந்தச் செய்தி ஆயக்கட்டு விவசாயிக்கு யார் மூலம் போகும்? பரிசலில் போகும் மீனவருக்கு யார் சொல்வார்கள்? அறிவிப்பு எழுதுபவர் யாராக இருந்தாலும் படகு, குளியல், மீன், மாடு, மோட்டார் ஆகிய ஐந்தையும் ஒரே பலகையில் எழுத வேண்டும். எந்தக் கரை, எந்த மதகு, எந்த நாள் முதல், மாற்றுத் தண்ணீர் எங்கே, யாரைக் கேட்பது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நீர் மாதிரியை ஆடை தடித்த இடத்தில் ஒன்றும், புட்வால்வு அருகில் ஒன்றும் எடுங்கள். ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல், ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முயலுங்கள். எங்கே, எப்போது, எந்த வெயிலில் பாசி வந்தது என்று குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு முன்கூட்டியே சொல்ல உதவும். ஆபத்து நீங்கியதும் பலகையை எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் நிற்கும் எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். உண்மையில் ஆபத்து வரும் நாளிலும் படிக்க மாட்டார்கள்.

நீர்நிலையை மூடுவது யாருக்கும் பிடித்த வேலை அல்ல. படகோட்டிக்கும் மீனவருக்கும் அன்றாட வருமானம் போகிறது, விவசாயிக்கு ஒரு தண்ணீர் தவறுகிறது. ஆனாலும் ஒரு தண்ணீர் தவறினால் விளைச்சலில் கொஞ்சம்தான் குறையும். கறவை மாடு போனால் வீட்டின் மாத வருமானமே போய்விடும். உங்கள் ஏரியில் பரிசல் போகக் கூடாது என்று ஒரு நாள் சொல்லப்பட்டால், ஏன் என்று கேளுங்கள். காரணம் பாசி என்றால் மாட்டை அவிழ்க்காதீர்கள், கீரைக்கு மோட்டார் போடாதீர்கள். பிறகு வரத்துக்கால்வாய் வழியே மேலே நடந்து போய், அந்தப் பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.